ஹேங்கரில் ஆர்வி-7 விமானம் கட்டுவது எப்படி

சொந்தக் கையால் விமானம் கட்டப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முதலில் கேட்பது சட்டம் அதை அனுமதிக்குமா என்பதைத்தான். அமெரிக்காவில் அதற்குத் தெளிவான வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி தானாகத் திறந்துவிடவில்லை. ஒரெகான் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் போகார்டஸ் 1947-இல் தம் ஒற்றை இருக்கை விமானத்தில் நாட்டின் குறுக்கே பறந்து வாஷிங்டன் சென்று, தனிமனிதர் கட்டும் விமானங்களுக்குச் சட்டத்தில் இடம் கொடுங்கள் என்று அதிகாரிகளிடம் வாதாடினார். 1953-இல் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய ஈஏஏ என்னும் சங்கம் அந்த முயற்சியை ஓர் இயக்கமாக வளர்த்தது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973-இல் ஒரெகானில் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் வரைபடங்களையும் பாகத் தொகுப்புகளான கிட்டுகளையும் கொண்டு கட்டிப் பறக்கவிடப்பட்ட ஆர்வி வகை விமானங்கள் இன்று பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றுள் இருவர் அருகருகே அமரும் முழு உலோக விமானமான ஆர்வி-7-ஐ எடுத்துக்கொண்டு, விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரில் அதை எப்படிக் கட்டி முடிப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

சட்டத்தின் சாரம் இதுதான். கட்டுமான வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ விமானம் கட்டும் தனிமனிதர்கள் செய்திருக்க வேண்டும். இதையே கட்டுபவர்கள் ‘51 சதவீத விதி’ என்கிறார்கள். எஞ்சினையோ புரொப்பெல்லரையோ சக்கரத்தையோ நீங்கள் செய்ய வேண்டியதில்லை. அவை கணக்கில் வாரா. கூலி கொடுத்து வேறொருவரை முழுவதும் கட்டச் சொல்லிவிட்டு நான்தான் கட்டினேன் என்று கையெழுத்திடுவது மட்டும் குற்றம். இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: மும்பையில் தம் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவ், பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு 2017-இல்தான் அதற்குப் பதிவு எண் பெற்றார். எனவே இங்கே நான் சொல்லும் அலுவலக நடைமுறைகள் அமெரிக்காவுக்கு மட்டுமே உரியவை. உலோக வேலை எங்கும் ஒன்றுதான்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எண்ணத்தை நீங்கள் விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். விமானம் கட்டும் வேலையில் ஒவ்வொரு கட்டமும் எதையாவது மூடுவதில்தான் முடிகிறது. வால் தகடு மூடப்படும், எரிபொருள் தொட்டி மூடப்படும், இறக்கையின் அடித்தகடு மூடப்படும், இறுதியில் எஞ்சின் உறை மூடப்படும். மூடிய பிறகு உள்ளே எட்டிப் பார்ப்பது கடினம். சில இடங்களில் முடியவே முடியாது. ஆகவே, ‘இதை மூடும் முன் உள்ளே என்ன சரியாக இருக்க வேண்டும்’ என்ற கேள்வியை வைத்தே உங்கள் வேலைத் திட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஹேங்கரைப் பிடிப்பது

கிட்டைப் பெரும்பாலானோர் வீட்டு கராஜில் தொடங்கி, இறக்கைகளைப் பொருத்தும் காலத்தில் ஹேங்கருக்கு மாற்றுகிறார்கள். இடம் கிடைத்தால் தொடக்கத்திலிருந்தே ஹேங்கரில் கட்டுவது நல்லது என்பது என் கருத்து. ஆர்வி-7-இன் இறக்கை விரிவு 25 அடி, நீளம் 20 அடி 4 அங்குலம். ஒரு விமானம் நிற்கும் சாதாரண ஹேங்கரில் அது இறக்கைகளோடு தாராளமாக நிற்கும், சுற்றிலும் மேசைகளுக்கும் இடம் மிஞ்சும். முன்பெல்லாம் அரசு நிதி பெறும் விமான நிலையங்களில், இறுதிப் பொருத்தும் வேலையைத் தவிர மற்றக் கட்டுமானத்தை ஹேங்கரில் செய்யக்கூடாது என்று நிலைய நிர்வாகங்கள் மறுப்பதுண்டு. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 2016-இல் வெளியிட்டு 2017 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கொள்கை, வணிக நோக்கமின்றித் தனிமனிதர் விமானம் கட்டுவதும் விமானப் பயன்பாடே என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பெயிண்ட் தெளிப்பதற்கும், எரிபொருளைச் சேமித்து வைப்பதற்கும், வெல்டிங்குக்கும் பல நிலையங்கள் தனித் தடை வைத்திருக்கின்றன. அந்தத் தடை நியாயமானதுதான், ஏனென்றால் பக்கத்துச் சுவருக்கு அப்பால் இன்னொருவருடைய விமானம் எரிபொருள் நிரம்பி நிற்கிறது.

ஹேங்கரில் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். ஒரே ஒரு 15 ஆம்பியர் இணைப்பில் விளக்குகளும் ஹீட்டரும் கம்ப்ரஸரும் ஒன்றாக ஓடா. அடுத்தது வெளிச்சம்: கூரையில் தொங்கும் ஒரு பல்பு போதாது, மேசைக்கு மேலே வரிசையாகக் குழல் விளக்குகளும், துளைக்குள் சாய்வாக அடித்துப் பார்க்க ஒரு கைவிளக்கும் தேவை. தரையைத் தண்ணீர் மட்டக் குழாயாலோ லேசர் மட்டத்தாலோ அளந்து எங்கே சாய்வு இருக்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். இறக்கையையும் உடலையும் நேர்ப்படுத்தும் நாளில் அந்தக் குறிகள் உங்களைக் காப்பாற்றும். எலிகளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கட்டி முடிக்காத இறக்கையைப் போல வசதியான வளை அவற்றுக்கு வேறில்லை, எலியின் சிறுநீரோ அலுமினியத்தை அரிக்கும்.

மேசைகள் ஆடாமல் நிற்க வேண்டும், இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், மேற்பரப்பில் கம்பளமோ தடித்த துணியோ விரித்திருக்க வேண்டும். விமானத் தகடு 2024-டி3 என்னும் உலோகக் கலவை. அதன் இரு பக்கத்திலும் துருவைத் தடுக்கத் தூய அலுமினியத்தின் மெல்லிய படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. மேசைமேல் கிடக்கும் ஓர் உலோகத் துகள் அந்தப் படலத்தைக் கீறிவிடப் போதும். ஒவ்வொரு நாளும் வேலை முடித்ததும் தரையைப் பெருக்குவது ஒழுக்கத்துக்காக மட்டுமன்று. அடுத்த நாள் கீறல் விழாமல் இருப்பதற்காகவும்தான்.

கருவிகளும் கைப்பழக்கமும்

ஆர்வி-7-இல் தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகள் பத்தாயிரத்துக்கும் மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கெட்டி ரிவெட்டுகள். ஒருபுறம் ரிவெட் துப்பாக்கி அடிக்க, மறுபுறம் பக்கிங் பார் என்னும் கனமான உலோகக் கட்டி அதைத் தாங்க, நடுவில் தண்டு நசுங்கித் தலையாகும். காற்று கம்ப்ரஸர், ரிவெட் துப்பாக்கி, இரண்டு மூன்று வடிவங்களில் பக்கிங் பார், அழுத்தி நசுக்கும் ஸ்குவீசர், காற்றில் ஓடும் டிரில், துளையைச் சுற்றித் தகட்டைக் குழிவாக அழுத்தி டிம்பிள் போடும் அச்சுகளும் அவற்றைத் தாங்கும் சட்டகமும், ஆழம் மாறாமல் குழி குடையும் கவுண்டர்சிங் கூடு, சில நூறு கிளெக்கோக்கள், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஆகியவை அடிப்படைத் தேவை. பக்கிங் பாரில் மட்டும் செலவைப் பார்க்காமல் டங்ஸ்டன் கட்டி ஒன்றை வாங்குங்கள். சிறிதாக இருந்தும் கனமாக இருப்பதால் நெருக்கமான மூலைகளில் கை நடுங்காது. கிளெக்கோ என்பது துளையில் தற்காலிகமாகத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங் ஊசி. வெள்ளி நிறம் 3/32 அங்குலத் துளைக்கும், செம்பு நிறம் 1/8 அங்குலத் துளைக்கும் உரியவை.

ரிவெட்டின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்வது முதல் பாடம். ஏஎன்426 என்றால் தகட்டோடு சமமாகப் பதியும் தட்டைத் தலை. ஏஎன்470 என்றால் வெளியே உருண்டு நிற்கும் தலை. ஏடி3-3.5 என்பதில் முதல் எண் விட்டத்தை 32-இல் ஒரு பங்கு அங்குலக் கணக்கிலும், இரண்டாம் எண் நீளத்தை 16-இல் ஒரு பங்கு அங்குலக் கணக்கிலும் சொல்கிறது. தகடுகளின் மொத்தத் தடிமனோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் தேவையான நீளம் கிடைக்கும். நசுங்கிய தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலமும் பாதியளவு உயரமும் கொண்டிருக்க வேண்டும். 3/32 அங்குல ரிவெட்டுக்கு அது சுமார் 0.141 அங்குல அகலம், 0.047 அங்குல உயரம். இதைக் கண்ணளவில் தீர்மானிக்காமல் அளவுத் தகட்டை வைத்துப் பாருங்கள். நூறு ரிவெட்டுக்குப் பிறகு கண்ணே பழகிவிடும்.

ஒரு துளை பிறந்து ரிவெட் ஏறும் வரையான வரிசை எப்போதும் மாறாது. தகடுகளைக் கிளெக்கோவால் சேர்க்க வேண்டும். கிட்டிலேயே குத்தப்பட்டு வரும் துளைகளை இறுதி அளவுக்கு டிரில் செய்ய வேண்டும், அதாவது 3/32 ரிவெட்டுக்கு 40-ஆம் எண் பிட்டும் 1/8 ரிவெட்டுக்கு 30-ஆம் எண் பிட்டும். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு துளையின் இருபுறமும் பிசிறு எடுத்து, ஓரங்களையும் வழவழப்பாக்க வேண்டும். தட்டைத் தலை வரும் இடங்களில் 0.032 அங்குலத்துக்கும் அதற்குக் குறைவான தடிமனுக்கும் டிம்பிள் போட வேண்டும், 0.040-உம் அதற்கு மேலும் இருந்தால் கவுண்டர்சிங் செய்யலாம். அதன் பிறகே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர், அதன் பிறகே ரிவெட். பிசிறு எடுப்பதுதான் இந்த வேலையில் மிகவும் சலிப்பூட்டும் பகுதி, எனவே எல்லோரும் குறைத்துச் செய்ய விரும்பும் பகுதியும் அதுவே. ஆனால் அதிர்விலும் வளைவிலும் விரிசல் தொடங்குவது அப்படி விடப்பட்ட பிசிறிலிருந்துதான். டிம்பிள் போடும்போது உலோகம் விரிவதால் துளையின் ஓரம் வழவழப்பாக இல்லையென்றால் அங்கேயே கிழியும். பிசிறை அளவுக்கு மீறிச் சுரண்டிக் குழியாக்குவதும் தவறுதான். இரண்டு சுற்று, லேசான அழுத்தம், விரல் நுனியால் தடவிப் பார்த்தல், அவ்வளவே.

டிரில் பிட்டுகளைக் கலந்து வைக்காதீர்கள். ஒரு மாலையில் முந்தைய வேலையின் 30-ஆம் எண் பிட் டிரில்லிலேயே இருந்ததைக் கவனிக்காமல், 3/32 துளைகள் வேண்டிய ஒரு ரிப்பில், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டத்தில், நான் நான்கு துளைகளைப் பெரிதாக்கிவிட்டேன். அந்த ரிப்பை ஒதுக்கிப் புதிதாக ஒன்றை வரவழைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு டிரில்லுக்கும் ஒரே அளவு பிட்டை நிரந்தரமாக ஒதுக்கி, அதன் உடலில் வண்ண நாடா ஒட்டிவிட்டேன்.

தவறான ரிவெட்டை எடுக்கும்போது தலையின் நடுவில் புள்ளி குத்தி, தலையின் உயரம் மட்டும் டிரில் செய்து, தலையைப் பஞ்ச் என்னும் உலோகக் கம்பியால் நெம்பி உடைத்து, தண்டைப் பின்னால் தள்ள வேண்டும். தண்டு முழுவதையும் டிரில் செய்ய முயன்றால் துளை எட்டாகக் கோணும். பார்வைக்குச் சற்று அழகில்லாத, ஆனால் அளவுக்குள் இருக்கும் ரிவெட்டை விட்டுவிடுவது, அதை எடுக்கப்போய்த் துளையைக் கெடுப்பதைவிட மேல்.

வாலில் தொடங்குதல்

முதலில் வரும் கிட் வால் பகுதி: கிடை வால், நிமிர் வால், விமானத்தின் மூக்கை இட வலமாகத் திருப்பும் ரட்டர், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர்கள். இது சிறிது, மலிவு, தவறு செய்தாலும் மாற்றுப் பாகம் கிடைக்கும். ஆகவே இதைப் பயிற்சிக் களமாகக் கொள்ளுங்கள். கிட் வருவதற்கு முன்பே கழிவுத் தகடுகளில் இருநூறு ரிவெட்டாவது அடித்துப் பழகியிருக்க வேண்டும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இரண்டு இடப்பக்கப் பாகங்களைச் செய்துவிடுவது. வலமும் இடமும் கண்ணாடிப் பிம்பம் போல மேசைமேல் அருகருகே கிடந்தாலொழிய எதையும் வளைக்கவோ டிம்பிள் போடவோ வேண்டாம். ரட்டரின் பின்னோரம் நேராக இருப்பது கைத்திறனுக்கு ஒரு சோதனை. பொறுமையிழந்து ஒரு முனையிலிருந்து வரிசையாக ரிவெட் அடித்துக்கொண்டே போனால் ஓரம் வாழை இலை நரம்பைப் போல வளையும். நடுவிலும் முனைகளிலும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் பாதியளவு மட்டும் நசுக்கி, எல்லாம் நிலைத்த பிறகே முழுதாக அடிக்க வேண்டும்.

பிரைமர் பற்றிக் கட்டுபவர்களிடையே ஓயாத சண்டை உண்டு. உப்புக் காற்று வீசும் கடற்கரையில் விமானம் நிற்கப்போகிறது என்றால் இரண்டு பகுதி எப்பாக்ஸி பிரைமரை எல்லா உட்பக்கங்களிலும் பூசுவேன். வறண்ட ஊரில், மூடிய ஹேங்கரில் நிற்கப்போகிறது என்றால் பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் பூசுவேன். எந்த முடிவானாலும் முகமூடி அணியாமல் தெளிக்காதீர்கள்.

இறக்கைகளும் எரிபொருள் தொட்டியும்

இறக்கையின் நீளவாட்டில் சுமை தாங்கும் முதன்மை ஸ்பார் தொழிற்சாலையிலேயே முடிக்கப்பட்டு வருகிறது. ரிப்புகளை நேர்ப்படுத்தி, மேல்தகடுகளைப் போட்டு, நிலைச் சட்டத்தில் நிமிர்த்தி வேலை செய்வீர்கள். இந்தக் கட்டத்தில் ஒரு துணை தேவைப்படும், ஏனென்றால் நடுத் தகடுகளில் துப்பாக்கி ஒரு பக்கமும் பார் மறுபக்கமும் இருக்கும். ஒருவர் கைகள் எட்டா. துணைக்கு வருபவருக்குக் காது மூடியைக் கொடுத்துவிட்டு, வாயால் பேசாமல் தட்டுகளால் பேசும் முறையை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: ஒரு தட்டு என்றால் நன்று, இரண்டு என்றால் இன்னும் அடி, மூன்று என்றால் நிறுத்து.

ஒவ்வொரு இறக்கையின் முன்பகுதியிலும் 21 கேலன் கொள்ளளவுள்ள தொட்டி இறக்கையின் பாகமாகவே அமைகிறது. தனியாக ஒரு பை இல்லை. ரிவெட்டும் தகடும் அடைப்புப் பசையும்தான் எரிபொருளைத் தாங்குகின்றன. கட்டுபவர்கள் புரோசீல் என்று அழைக்கும் இரண்டு பகுதிப் பசையைக் கிராம் தராசில் எடையிட்டு, டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். கண்ணளவில் கலந்தால் சில இடம் இறுகாது. அது கந்தக நாற்றம் அடிக்கும், கையில் ஒட்டினால் சோப்புக்கு மசியாது, நாற்காலி, கைப்பேசி, கதவுக் கைப்பிடி என்று நீங்கள் தொட்ட எல்லாவற்றிலும் மறுநாள் இருக்கும். கையுறையை அடுக்கடுக்காக அணிந்து, ஒவ்வொன்றாக உரித்து எறிந்தபடி வேலை செய்யுங்கள். ஒவ்வொரு தகட்டையும் கரைப்பானால் துடைத்து, தொடாமல் வைத்து, அதன் பிறகே பசை பூச வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள ஒரு விரல் தடம் போதும், பிற்காலத்தில் அங்கே நீல நிறக் கறை கசியும், ஏனென்றால் விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலக்கப்பட்டிருக்கிறது.

பின்தகட்டைப் போட்டுத் தொட்டியை மூடும் முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ரிவெட் தலையையும் பசை சூழ்ந்திருக்கிறதா என்று விளக்கடித்து எண்ணிப் பாருங்கள். மூடிய பிறகு கசிவுச் சோதனைக்குக் கம்ப்ரஸர் காற்றை நேரடியாகச் செலுத்தவே கூடாது. தொட்டி உப்பிக் கிழிந்துவிடும். துளையில் ஒரு பலூனைக் கட்டி, அது மெல்ல உப்பும் அளவுக்கு மட்டும் காற்றைச் செலுத்தி, சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்புகளிலும் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அளவு மீறினால் பலூன்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். இரவு முழுவதும் பலூன் தளராமல் நின்றால் நல்லது, ஆனால் குளிரில் காற்று சுருங்குவதால் காலையில் சற்றுத் தளர்ந்திருப்பதைக் கண்டு பதறிவிட வேண்டாம்.

உடலோடு இறக்கையைப் பொருத்தும் நாள் இந்த வேலையின் மிகக் கவனமான நாள். இரு இறக்கைகளும் நேர்கோட்டில் இருக்க வேண்டும், இரண்டின் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும், இறக்கை முனையிலிருந்து வால் வரையான தூரம் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். அதன் பிறகே பின் ஸ்பாரில் 5/16 அங்குல போல்டுக்கான துளை. துளையின் மையத்திலிருந்து உலோகத்தின் ஓரம் வரை விட்டத்தின் இரு மடங்காவது, அதாவது 5/8 அங்குலமாவது, எல்லாப் பக்கமும் மிஞ்ச வேண்டும். குண்டுநூல் தொங்கவிட்டு, அளந்து, மறுநாள் புதிய கண்ணோடு மீண்டும் அளந்து, வேறொருவரையும் அளக்கச் சொல்லி, மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் டிரில்லை எடுங்கள்.

உடல், கனோபி, எஞ்சின்

உடல் வேலையில் கனோபியைத் தவிர மற்றவை வாலிலும் இறக்கையிலும் கற்ற வேலையின் நீட்சிதான். கனோபி என்பது ஒரே குமிழியாக வரும் அக்ரிலிக் மூடி. அதை வெட்டிப் பொருத்துவது எல்லோருக்கும் அச்சம் தரும். குளிரில் அக்ரிலிக் விறைத்துச் சிறு அதிர்வுக்கே விரிசல் விடும். ஆகவே வெயில் நாளில், ஹேங்கருக்குள் சட்டை வியர்வையில் நனையும் அளவுக்குச் சூடாக இருக்கும்போது, வெட்டும் சக்கரத்தால் வெட்டுங்கள். பல்லுள்ள ரம்பம் வேண்டாம். பிளாஸ்டிக்குக்கென்று முனை தீட்டிய பிட்டால் மட்டும் துளையிட்டு, துளையைத் திருகின் அளவைவிடச் சற்றுப் பெரிதாக விட்டு, வெட்டிய ஓரங்களைக் கண்ணாடி போல வழவழப்பாக்கும் வரை தேயுங்கள். குளிர்காலத்தில் இந்தக் கட்டத்தை எட்டிவிட்டால் கனோபியை மூலையில் போர்த்தி வைத்துவிட்டு மின்கம்பிகளைக் கவனியுங்கள்.

மின்கம்பிகளைப் பற்றி இரண்டே சொற்கள்: டெஃப்செல் உறையுள்ள விமானக் கம்பி, கம்பி முனையில் இணைப்பியை நசுக்கிப் பொருத்தும் நல்ல கிரிம்ப் கருவி. ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

ஆர்வி-7-க்குப் பலர் தேர்வது 180 குதிரைத்திறன் தரும் லைகாமிங் ஓ-360. எஞ்சினைத் தூக்கி மாட்டும் வேலை ஒரு பிற்பகலில் முடியும், ஆனால் எரிபொருள், எண்ணெய்க் குழாய்கள், கட்டுப்பாட்டுக் கம்பிகள், குளிர்காற்றைச் சிலிண்டர்கள் மேல் திருப்பும் தடுப்புத் தகடுகள், எஞ்சின் உறை ஆகியவை பல மாதங்களை விழுங்கும். விமானம் விமானமாகத் தோன்றத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று மனம் சொல்லும். அப்போது பாதிதான் முடிந்திருக்கும்.

போல்டுகளைக் கைவலிமையால் முடுக்காமல் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். 3/16 அங்குல ஏஎன்3 போல்டுக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு, கால் அங்குல ஏஎன்4-க்கு 50 முதல் 70 அங்குல-பவுண்டு என்பது வழக்கமான அளவு. சுயபூட்டு நட்டாக இருந்தால் அது சுழலுவதற்கே எடுக்கும் விசையை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். முடுக்கியதும் நட்டின்மேலும் போல்டின்மேலும் படுமாறு டார்க் சீல் பசையால் ஒரு கோடு இழுங்கள். பிறகு நட் சிறிது நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். சுழலக்கூடிய இணைப்புகளில் சுயபூட்டு நட்டை மட்டும் நம்பக்கூடாது. அங்கே கோட்டர் ஊசி போடும் நட்டே வேண்டும்.

இன்னொரு கண்

தாம் செய்த பிழை தம் கண்ணுக்குத் தெரியாமல் போவது எல்லோருக்கும் நேர்வது. ஈஏஏ கிளைகளில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்னும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டணமின்றி வந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். வாலின் முதல் தகட்டை மூடும் முன், தொட்டிகளை மூடும் முன், இறக்கையின் அடித்தகட்டைப் போடும் முன், எஞ்சின் உறையை மூடும் முன் என்று நான்கு முறையாவது அவர்களை அழையுங்கள். வருபவர் குறை சொன்னால் வாதாட வேண்டாம். குறித்துக்கொண்டு, அவர் போன பிறகு கையேட்டைத் திறந்து சரிபாருங்கள்.

ஒவ்வொரு நாள் வேலையையும் தேதி, மணி நேரம், பாகம், படம் என்று பதிவு செய்யுங்கள். சில படங்களிலாவது கையில் கருவியோடு நீங்களும் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் நீங்களே கட்டினீர்கள் என்பதற்கு அதுவே சான்று. படங்களை ஒரே கணினியில் மட்டும் வைக்காதீர்கள்.

தாள் வேலையும் ஆய்வும்

பதிவு எண்ணுக்கு விண்ணப்பித்து, கிட் விற்றதற்கான பத்திரத்தை இணைத்து, உரிமை உறுதிமொழியோடு அனுப்ப வேண்டும். நுழைவாயிலருகே ‘சோதனை விமானம்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் 2 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில் எழுதப்பட வேண்டும். இது தரநிலைச் சான்று பெற்ற விமானம் அன்று என்ற எச்சரிக்கை பயணியின் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும். தீயில் அழியாத பெயர்த்தகடு உடலில் பொருத்தப்பட வேண்டும். விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டப்படுத்தி, மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து எடையிட்டு, ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். எரிபொருள் ஓட்டத்தையும் அளந்து பாருங்கள்: பம்பு வழிச் செலுத்தும் அமைப்பில், மேலெழும் கோணத்தில் மூக்கைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் முழு வலிமையில் குடிக்கும் அளவின் 125 சதவீதமாவது வர வேண்டும். மணிக்கு 16 கேலன் குடிக்கும் எஞ்சினுக்கு 20 கேலன் வரவேண்டும் என்று பொருள்.

எஃப்ஏஏ அதிகாரியோ அவர்களால் அதிகாரம் பெற்ற ஆய்வாளரோ ஹேங்கருக்கு வருவார். எல்லா ஆய்வுப் பலகைகளையும் கழற்றி, எஞ்சின் உறையை எடுத்து, விளக்குகளையும் பதிவேட்டையும் எடுத்து வைத்திருங்கள். கட்டுப்பாட்டுத் தடியை வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்க இறக்கையின் பின்னோர அசைமடலான எய்லெரான் மேலே எழ வேண்டும் என்ற எளிய சோதனையை ஆய்வாளர் வருவதற்கு முன் நீங்களே சத்தமாகச் சொல்லிச் செய்து பாருங்கள். கம்பி மாற்றிக் கோத்த கட்டுப்பாடுகளால் உயிரிழந்தவர்கள் உண்டு.

முதற்பறப்பு

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, தனிமனிதர் கட்டிய விமானங்களின் விபத்துகளில் பெரும் பங்கு அவற்றின் பறப்பு வாழ்வின் தொடக்கத்திலேயே நிகழ்வதையும், எஞ்சின் செயலிழப்பும் கட்டுப்பாட்டை இழப்பதுமே முதன்மைக் காரணங்கள் என்பதையும் எடுத்துக்காட்டியது. கட்டும் ஆண்டுகளில் பறப்பதையே நிறுத்திவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கை துருப்பிடித்த ஓட்டுநர் முதன்முறை பறக்கும் விமானத்தில் ஏறுவது ஆபத்தானது. கட்டி முடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, அதே வகை விமானத்தில் பயிற்றுநரோடு பறந்து பழகுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் முதற்பறப்பை அனுபவசாலி ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் தலைகுனிவு ஏதுமில்லை. 2014 முதல், விதிக்கப்பட்ட நிபந்தனைகளின் கீழ், தகுதி பெற்ற இன்னொரு விமானி உடன் அமர்ந்து பறக்கும் வழியும் திறந்திருக்கிறது.

சோதனைக் காலம் பொதுவாக, சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்த இணைக்கு 25 மணி நேரம், மற்றவற்றுக்கு 40 மணி நேரம்; ஆய்வாளர் குறித்துக் கொடுக்கும் பகுதிக்குள் மட்டும் பறக்க வேண்டும். புதிய எஞ்சினைத் தரையில் நீண்ட நேரம் ஓட்டிச் சூடாக்காதீர்கள். வளையங்கள் சிலிண்டரில் படிய அதற்கு வலிமையும் காற்றும் வேண்டும், அவை வானில்தான் கிடைக்கும். முதல் முறை மேலே ஏறியதும் ஓடுபாதையைச் சுற்றியே, எஞ்சின் நின்றாலும் சறுக்கி வந்து இறங்கும் உயரத்தில் இருங்கள். இறக்கைகளின் ஃபிளாப் மடல்களைத் தொடவோ வேகத்தைக் கூட்டிச் சோதிக்கவோ அன்று அவசியமில்லை. எண்ணெய் அழுத்தம், சிலிண்டர் வெப்பம், எரிபொருள் அழுத்தம் ஆகியவற்றைச் சொல்லச் சொல்லத் தரையில் ஒருவர் வானொலியில் கேட்டு எழுதட்டும். அரை மணி நேரம் போதும்.

இறங்கி ஹேங்கருக்கு வந்ததும் நண்பர்கள் கைகுலுக்க வருவார்கள். அவர்களைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எஞ்சின் உறையைக் கழற்றுங்கள். எண்ணெய்க் கசிவு, தளர்ந்த குழாய்ப் பிடிகள், வெளியேற்றுக் குழாயை உரசிய கம்பி, கோடு உடைந்த டார்க் சீல் ஆகியவற்றை விளக்கடித்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, கண்டதைப் பதிவேட்டில் பறந்த நேரத்தோடு எழுதி, சரிசெய்த பிறகே உறையை மீண்டும் மூடுங்கள்.